மூன்று லட்சமும் ஒரு மனையும்

சென்னைப் புறநகரான கோவிலம்பாக்கத்தில் இரவு பதினொன்றுக்கு மேல் நடப்பது கெரில்லாப் போர்தான். ராணுவக் கல்லூரிகளில் அதற்கு என்னென்ன இலக்கணம் சொல்லித்தருகிறார்களோ அத்தனையும் இங்கே பொருந்தும். இருட்டில் வருவார்கள். சீருடை கிடையாது. லாரியின் நம்பர் பிளேட்டில் சேறு அப்பியிருக்கும். இடித்த கட்டடத்தின் செங்கல்லையும் காரையையும் ஏரிக்கரையிலோ சதுப்பின் ஓரத்திலோ பத்தே நிமிடத்தில் கவிழ்த்துவிட்டு, இருநூறடி ரேடியல் ரோட்டில் ஏறி மறைந்துவிடுவார்கள். உள்ளூரில் ஆதரவுத் தளம் உண்டு. வேவு சொல்ல ஆள் உண்டு. எதிர்ப்படை என்று நாம் நம்பிக்கொண்டிருக்கிற அலுவலகங்களுக்கு உள்ளேயே நண்பர்கள் உண்டு. பிடித்த இடத்தில் முதலில் ஒரு தகரக் கொட்டகை, பிறகு ஒரு பிள்ளையார், பிறகு ஒரு கொடிக்கம்பம், கடைசியில் 'கார்னர் மனை, கிழக்குப் பார்த்தது, உடனடிப் பத்திரப்பதிவு' என்று ஒரு பலகை. ஆயிரக்கணக்கான ஹெக்டேரில் விரிந்து கிடந்த பள்ளிக்கரணைச் சதுப்பில் இந்தப் போராளிகள் விட்டுவைத்ததைத்தான் 2022இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலுக்கு 1,247 ஹெக்டேர் என்று எழுதிக் கொடுத்தார்கள். பெருங்குடிக் குப்பைக் கிடங்கைப் பார்த்தவர்களுக்குப் போராளிகளில் சிலர் அரசுத் துறைகளே என்பதும் தெரியும்.

இந்தப் போரை அடக்க எந்த அதிரடிப்படையும் அமைக்கப்படவில்லை. படைக்குப் பஞ்சமா என்றால் அதுவும் கிடையாது. ஒரு பக்கம் பரங்கிமலையில் ராணுவ அதிகாரிகள் பயிற்சிக் கழகம். இன்னொரு பக்கம் தாம்பரத்தில் விமானப்படைத் தளம். வண்டலூர்ப் பக்கம் நெடுங்குன்றத்தில் தேசியப் பாதுகாப்புப் படையின் வட்டார முகாம், 2008 மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு சென்னைக்கென்று வந்தது. இத்தனை துப்பாக்கிக்கு நடுவில் ஒரு ஏரி காணாமல் போகிறது. ஏரியைத் தின்பவனிடம் சிறப்புப் படை போகாது. அது எங்கே போகும், போன இடத்தில் என்ன செய்யும், செய்ததற்கு என்ன வாங்கும் என்பதற்கெல்லாம் தமிழ்நாட்டிலேயே கணக்கு இருக்கிறது. புரட்டிப் பார்க்கத்தான் ஆளில்லை.

கெரில்லாக்காரன் மீன், மக்கள் தண்ணீர் என்பது மாவோவின் பாடம். எதிர்த்தரப்புத் தளபதிகள் மாவோவைத் தோழர்களைவிடக் கவனமாகப் படித்தார்கள். மீன் சிக்காவிட்டால் தண்ணீரை இறைத்துவிடு என்று முடிவு கட்டினார்கள். மலாயாவில் 1950க்குப் பிறகு பிரிட்டிஷ்காரர்கள் ஐந்து லட்சம் பேர் வரை, பெரும்பாலும் சீன விவசாயிகளை, வீட்டோடு பெயர்த்து முள்வேலிக்குள் குடிவைத்தார்கள். அதற்குப் 'புதுக் கிராமம்' என்று பெயர். நம்முடைய ரியல் எஸ்டேட்காரர்கள்கூட இவ்வளவு அழகான பெயர் வைப்பதில்லை. அதே வித்தையை அமெரிக்கர்கள் வியட்நாமுக்குக் கொண்டுபோய்த் தோற்றார்கள். தோற்ற வித்தை என்பதற்காக யாரும் அதைக் கைவிடவில்லை. தர்மபுரிக்கும் சத்தியமங்கலத்துக்கும் அது வந்து சேர்ந்தது.

அந்தக் காடுகளில் தேடப்பட்ட சந்தனக் கடத்தல்காரன் வீரப்பனுக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று யாரும் கடிதம் எழுதி மை செலவழிக்க வேண்டாம். 1991 நவம்பரில் வன அதிகாரி சீனிவாசைத் தனியே வரச்சொல்லிக் கொன்று தலையை வெட்டியவன் அவன். 1993 ஏப்ரல் 9ஆம் தேதி பாலாறு அருகே கண்ணிவெடி வைத்து 22 பேரைக் கொன்றவன். 2000இல் கன்னட நடிகர் ராஜ்குமாரைக் கடத்திக்கொண்டுபோய் இரண்டு மாநில அரசுகளையும் 108 நாள் மண்டியிட வைத்தவன். கொலைகளின் எண்ணிக்கை நூறைத் தாண்டும். அவனைப் பிடிக்க ஒரு படை வேண்டும் என்பதில் எந்தக் கிராமத்தானுக்கும் ஆட்சேபம் இருந்திருக்க முடியாது, முதல் பிணங்கள் விழுந்தது அவர்கள் வீட்டில்தான்.

ஆனால் ஒருவன் இத்தனை ஆண்டு சந்தனக் கட்டை கடத்தினான் என்றால் இத்தனை ஆண்டு யாரோ அதை வாங்கினார்கள். யானைத் தந்தத்தை அவன் காட்டில் வைத்துக் கும்பிடவில்லை. லாரி ஏறியது, சோதனைச் சாவடி தாண்டியது, கிடங்குக்குப் போனது, காசாகித் திரும்பியது. அந்தக் காசு போன பாதையில் ஒரு அதிரடிப்படை போனதாக எங்காவது படித்திருக்கிறீர்களா? வாங்கியவன் வீட்டு வாசலில் அதிகாலை ஜீப் நின்றதாக, அவனைத் தலைகீழாகத் தொங்கவிட்டதாக? அவனெல்லாம் நகரத்தில் இருந்தான், வரி கட்டுகிறவன், கல்யாணத்துக்கு மந்திரி வந்து வாழ்த்திவிட்டுப் போகிற வீட்டுக்காரன்.

படை போனது வாச்சாத்திக்கு. 1992 ஜூன் 20. அரூர் பக்கம், சித்தேரி மலையடிவாரத்தில் மலையாளிப் பழங்குடிகளின் கிராமம். சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று 155 வனத்துறையினர், 108 போலீஸார், ஆறு வருவாய்த் துறையினர் புகுந்தார்கள். 18 பெண்கள் வன்புணர்வு செய்யப்பட்டார்கள். வீடுகளை நொறுக்கினார்கள், ஆடு மாடுகளைத் தின்றார்கள், மிச்சமிருந்தவர்களைச் சிறையில் தள்ளினார்கள். குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர். அத்தனை பேரும் அரசுச் சம்பளக்காரர்கள், பேரேட்டில் பெயர் உள்ளவர்கள். தலைமறைவாக யாரும் காட்டில் இல்லை, அலுவலகத்துக்குப் போய்க் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களைத் தண்டிக்க 2011 செப்டம்பர் 29 வரை ஆயிற்று. அதற்குள் 54 பேர் ஓய்வூதியம் வாங்கியபடியோ வாங்காமலோ செத்துப்போய்விட்டார்கள், எஞ்சிய 215 பேருக்கும் தண்டனை. மேல்முறையீட்டில் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது சரியாகப் பன்னிரண்டு ஆண்டு கழித்து, 2023இல், அதே செப்டம்பர் 29இல். அசல் கடத்தல்காரர்களையும் பெரும்புள்ளிகளையும் காப்பாற்றத்தான் அன்றைக்கு அந்த நாடகம் ஆடப்பட்டது என்று நீதிபதி பி. வேல்முருகன் தீர்ப்பிலேயே எழுதினார். பாதிக்கப்பட்ட பெண்கள் ஒவ்வொருவருக்கும் 10 லட்சம் ரூபாய் தரச் சொன்னார். முப்பத்தோரு ஆண்டுக்குப் பிறகு. அன்று பிறந்த குழந்தைக்குக் கல்யாணமாகிப் பிள்ளை பள்ளிக்கூடம் போகும் காலம் அது.

வாச்சாத்தியில் போனது அதிரடிப்படை அல்ல, சாதாரணப் படைதான். சாதாரணப் படையே இப்படியென்றால் சிறப்புப் படையை அமைக்கும்போது இன்னும் ஜாக்கிரதையாக இருந்திருக்க வேண்டுமே என்று உங்களுக்கும் எனக்கும் தோன்றும். ஆள்கிறவர்களுக்கு வேறு மாதிரி தோன்றியது. 1993இல் தமிழகமும் கர்நாடகமும் அதிரடிப்படைகளைக் காட்டில் இறக்கின. தமிழகப் படைக்கு வால்டர் தேவாரம் தலைமை. எல்லைப் பாதுகாப்புப் படையும் கூட வந்தது. எல்லை எங்கே இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை, பழங்குடியின் வாசற்படியில் இருந்தது.

மாதேஸ்வரன் மலையில் ஒரு முகாம். அதற்குப் படைக்காரர்கள் வைத்திருந்த பெயர் 'ஒர்க்‌ஷாப்'. உள்ளே பழுது பார்க்கப்பட்டவை மனித உடம்புகள். மின்சாரம் பாய்ச்சினார்கள் என்று பெண்களும் ஆண்களும் பிறகு விசாரணைக் குழு முன்பு சொன்னார்கள். மாதக்கணக்கில் எந்தப் பதிவேட்டிலும் ஏறாமல் அடைத்து வைத்தார்கள் என்றார்கள். வீரப்பனுக்கு அரிசி கொடுத்தாயா என்பது கேள்வி. துப்பாக்கியோடு வருகிறவன் கேட்டால் கோவிலம்பாக்கம் மளிகைக்கடைக்காரர் பில் போட்டா கொடுப்பார்? கொடுத்தவனை அதிரடிப்படை அடித்தது, கொடுக்காதவனை வீரப்பன் சுட்டான். நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் தடாச் சட்டத்தில் மைசூர்ச் சிறைக்குப் போனார்கள். எட்டு வருஷத்துக்கு மேல் உள்ளே கிடந்த பிறகு, 2001இல் நீதிமன்றம் அவர்களில் பெரும்பாலோரைக் குற்றமற்றவர்கள் என்று வெளியே அனுப்பியது. அந்த எட்டு வருஷமும் வீரப்பன் வெளியேதான் இருந்தான், காற்றோட்டமாக.

1999இல் தேசிய மனித உரிமை ஆணையம் நீதிபதி சதாசிவா தலைமையில் ஒரு குழு போட்டது. முன்னாள் சி.பி.ஐ. இயக்குநர் சி.வி. நரசிம்மன் உடன் இருந்தார். ஆக, கேட்டவர்கள் நக்சலைட்டுகளும் அல்லர், என்னைப் போலப் பத்திரிகையில் கிறுக்குகிறவர்களும் அல்லர். மலைக்கிராம மக்கள் வரிசையில் நின்று சாட்சி சொன்னார்கள். 2003இல் அறிக்கை. அறிக்கை கோப்பாகி, கோப்பு பதிலாகி, பதிலுக்கு விளக்கமாகி, 2007 ஜனவரியில் ஆணையம் 89 பேருக்கு 2 கோடியே 80 லட்சம் ரூபாய் இடைக்கால நிவாரணம் கொடுக்கச் சொன்னது.

இதற்கு நடுவில் 2004 அக்டோபர் 18 இரவு, தர்மபுரி மாவட்டம் பாப்பாரப்பட்டி அருகே வீரப்பனும் மூன்று கூட்டாளிகளும் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். தமிழ்நாடே வெடி வெடித்தது. முதலமைச்சர் ஜெயலலிதா தாமதிக்கவில்லை. குழு கிடையாது, கோப்பு கிடையாது, விளக்கம் கிடையாது. அதிரடிப்படையின் 752 பேருக்கும் தலா மூன்று லட்சம் ரூபாய் ரொக்கம், ஒரு படி பதவி உயர்வு, ஒரு வீட்டுமனை.

இப்போது கால்குலேட்டரை எடுங்கள். கோவிலம்பாக்கத்துக்காரனுக்குக் கணக்குத்தான் தாய்மொழி. 2 கோடியே 80 லட்சத்தை 89ஆல் வகுத்தால் ஆளுக்கு மூன்று லட்சத்துப் பதினாலாயிரத்துச் சொச்சம். படைக்காரருக்கு மூன்று லட்சம், படையிடம் மாட்டியவருக்குச் சராசரியாக மூன்று லட்சத்துச் சில்லறை. அரசாங்கம் பாரபட்சம் பார்ப்பதில்லை என்பதற்கு இதைவிட நல்ல ஆதாரம் கிடைக்காது. மேலே வந்த பதினாலாயிரம் மின்சாரக் கட்டணமாக இருக்கலாம். பதவி உயர்வு மட்டும் இரண்டாம் தரப்புக்கு இல்லை. சந்தேகத்துக்குரியவர் என்பதிலிருந்து எந்தப் பதவிக்கு உயர்த்த முடியும்? மனையும் இல்லை. காட்டில் பிறந்தவனுக்கு எதற்கு மனை, அவன் இருக்கிற இடமே வனத்துறைக்குச் சொந்தம் என்று ஏற்கெனவே சொல்லியாயிற்று.

752 பேரும் அடித்தவர்கள் என்று நான் சொல்லவில்லை. பாம்புக்கும் மலேரியாவுக்கும் நடுவில் வருஷக்கணக்கில் காட்டில் படுத்த ஏழை வீட்டுப் பிள்ளைகள் அதில் நிறைய. அவர்கள் கையில் பணம் போனதில் எனக்கு வயிற்றெரிச்சல் கிடையாது. அடித்தவன் யார், அடிக்காமல் கஷ்டப்பட்டவன் யார் என்று பிரிக்க ஒரு நாள்கூட எடுத்துக்கொள்ளாமல் கொடுத்தார்களே, அதுதான். அன்றைக்கு அந்த 752இல் ஒரே ஒருவனை, 'நீ மட்டும் கொஞ்சம் நில், சதாசிவா அறிக்கையில் ஒரு விஷயம் இருக்கிறது' என்று நிறுத்தியிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இல்லை. அறிக்கை வந்து பத்து மாதம் ஆகியிருந்தது.

வீரப்பன் சிக்கிய விதத்தை வல்லுநர்கள் இன்றும் பாடமாகச் சொல்வார்கள். காட்டை ஆயிரம் பேர் சல்லடை போட்டுச் சலித்தும் அகப்படாதவனை, கே. விஜயகுமார் தலைமையில் வந்த படை வேறு வழியில் பிடித்தது. காவலர்கள் சீருடையைக் கழற்றிவிட்டுக் கொத்தனாராகவும் கூவி விற்கிறவராகவும் கிராமங்களில் கலந்தார்கள். வீரப்பனுக்குக் கண் மங்கியிருந்தது, சிகிச்சைக்குப் போக வேண்டியிருந்தது. ஆம்புலன்ஸ் வந்தது. ஓட்டி வந்தவர் போலீஸ்காரர். உயிரோடு பிடித்திருக்க முடியாதா, உண்மையில் அங்கேதான் சுட்டார்களா என்று மனித உரிமை அமைப்புகள் அப்போதே கேட்டன. அந்தக் கேள்வியைக் கேட்டவர்களுக்குத் தேசத்துரோகி என்ற பட்டம் கிடைத்தது, அதற்கு ரொக்கமும் மனையும் கிடையாது.

உலகமெங்கும் சிறப்புப் படைகள் போகிற திசையும் இந்த ஆம்புலன்ஸ் போன திசைதான். ஒரு காலத்தில் இவர்கள் இரவில் பாராசூட்டில் குதித்துப் பாலத்தைத் தகர்த்துவிட்டு ஓடுகிறவர்கள். இன்றைக்குப் போர்க்களம் என்பதே ஊர்தான். ஆகவே அவர்கள் ஊராகவே வருகிறார்கள்: டிரைவராக, நர்ஸாக, ஊசி போடுகிறவராக. பின்லேடனைத் தேடி அபோட்டாபாத்தில் அமெரிக்க உளவுத்துறை போட்ட வேடம், ஹெபடைடிஸ்-பி தடுப்பூசி முகாம். 2011 மே மாதம் ஆள் செத்தான், ஹாலிவுட்டில் படம் வந்தது. அதன் பிறகு பாகிஸ்தானில் போலியோ சொட்டு மருந்து கொடுக்கப் போன பெண்களைச் சந்தேகப்பட்டுச் சுட்டுத் தள்ளினார்கள். இனிமேல் தடுப்பூசியை வேவுக்குப் பயன்படுத்த மாட்டோம் என்று வெள்ளை மாளிகை 2014இல் எழுதிக் கொடுத்தது. சுடப்பட்டவர்கள் அதைப் படித்திருக்க வாய்ப்பில்லை. 2008இல் கொலம்பியா ஒரு துளி ரத்தமில்லாமல் கெரில்லாக்களிடமிருந்து 15 பிணைக்கைதிகளை மீட்டு உலகின் கைதட்டலை வாங்கியது. சில நாளில், செஞ்சிலுவைச் சின்னத்தை மாட்டிக்கொண்டு போனோம் என்று ஜனாதிபதி உரிபேயே ஒப்புக்கொண்டார். 2024 ஜனவரியில் ஜெனின் நகர மருத்துவமனைக்குள் இஸ்ரேல் படை டாக்டர் கோட்டும் நர்ஸ் உடையுமாகப் புகுந்து மூன்று பேரைச் சுட்டது. அடுத்த முறை செஞ்சிலுவை போட்ட வண்டி வரும்போது அதைச் சுடுவதா வழிவிடுவதா என்று யோசிக்கப்போகிறவன் எதிர்த்தரப்புச் சிப்பாய். அந்த யோசனைக்கு நடுவில் சாகப்போகிறவர் நிஜ நர்ஸ். நம்மூரில் மெட்ரோ பள்ளத்துக்கும் தண்ணீர் லாரிக்கும் நடுவில் திணறுகிற ஆம்புலன்ஸுக்கு இன்னும் வழி விடுகிறோம், அதற்குள் நோயாளிதான் இருக்கிறார் என்ற நம்பிக்கையில்.

வெற்றி பெற்ற வித்தைக்குச் சந்தை உண்டு. விஜயகுமார் 2010இல் மத்திய ரிசர்வ் போலீஸ் படையின் தலைவரானார். தந்தேவாடாவில் 76 வீரர்களை மாவோயிஸ்டுகள் கொன்றிருந்த வருஷம் அது, காட்டுப் போர் தெரிந்தவர் வேண்டும் என்று தில்லி தேடியது. அவர் தலைவராக இருந்தபோதே, 2012 ஜூன் 28 இரவு, சத்தீஸ்கரின் சார்கேகுடாவில் அந்தப் படையும் மாநிலப் போலீஸும் சுட்டதில் கிராமத்தார் 17 பேர் செத்தார்கள். பெரிய வெற்றி என்றார்கள் அன்றைய உள்துறை அமைச்சகத்தார். செத்தவர்கள் மாவோயிஸ்டுகள் என்பதற்குச் சான்றில்லை என்று நீதிபதி வி.கே. அகர்வால் ஆணையத்தின் அறிக்கை சொன்னது, 2019இல் அது வெளிவந்தபோது அந்த இரவுக்கு ஏழு வயது. நிபுணர்கள் அதற்குள் வேறு மாநிலத்தில் வேறு பிரச்சினைக்கு ஆலோசகர்களாகியிருந்தார்கள்.

தமிழனுக்கு இதில் இரட்டை அனுபவம் உண்டு, வாங்கியும் இருக்கிறான், கொடுத்தும் இருக்கிறான். இலங்கையின் விசேட அதிரடிப்படைக்கு 1984 முதல் பயிற்சி கொடுத்தது கே.எம்.எஸ். என்ற பிரிட்டிஷ் தனியார் கம்பெனி. பிரிட்டனின் எஸ்.ஏ.எஸ். படையிலிருந்து வந்தவர்கள் நடத்திய கடை. அதே காலத்தில் ஈழ இளைஞர்களுக்கு இந்திய உளவுத்துறை சக்ராதாவில் பயிற்சி கொடுத்தது. மீனம்பாக்கம் விமான நிலையத்தில் 1984 ஆகஸ்டு 2 இரவு, கொழும்புக்குப் போக வேண்டிய பெட்டி இங்கேயே வெடித்தது. முப்பது பேர் வரை செத்தார்கள், பெரும்பாலும் இலங்கைப் பயணிகள். இரகசியப் போருக்கு வாடகை வீடு கொடுத்த ஊருக்கு அது முதல் மாதத் தவணை. பல்லாவரம் தாண்டினால் மீனம்பாக்கம். அன்றைக்குச் சத்தம் கேட்டவர்கள் இன்னும் எங்கள் பக்கம் இருக்கிறார்கள்.

மூன்றே வருஷத்தில், தான் பயிற்சி கொடுத்தவர்களையே பிடிக்க இந்தியா தன் சிறப்புப் படையை அனுப்பியது. 1987 அக்டோபர் 11 நள்ளிரவு, யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மைதானத்தில் ஹெலிகாப்டர் வழியே பாரா கமாண்டோக்களும் சீக்கிய இலகு காலாட்படையின் ஒரு பிளட்டூனும் இறங்கினார்கள். பிரபாகரனைத் தூக்கிக்கொண்டு விடிவதற்குள் திரும்பிவிடலாம் என்று திட்டம். புலிகள் ரேடியோவில் ஒட்டுக்கேட்டுக் காத்திருந்தார்கள். அந்தச் சீக்கியப் பிளட்டூனில் 30 பேரில் ஒருவர் மட்டும் உயிரோடு பிடிபட்டார், 29 பேர் செத்தார்கள். கமாண்டோக்கள் ஆறு பேர் செத்தார்கள். பஞ்சாபிலிருந்து வந்த அந்தப் பிள்ளைகளுக்கு யாழ்ப்பாணம் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூடத் தெரிந்திருக்காது. திட்டம் போட்டவர்கள் யாரும் அந்த மைதானத்தில் இறங்கவில்லை.

கடலுக்கு அந்தப் பக்கத்துக் கணக்கு இன்னும் சுத்தமானது, வகுக்கவே வேண்டாம், விடை பூஜ்யம். 2006 ஜனவரி 2 அன்று திருகோணமலைக் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அந்த வழக்கில் அதிரடிப்படையினர் உட்பட 13 பேரையும் 2019 ஜூலையில் போதிய சாட்சியம் இல்லை என்று விட்டுவிட்டார்கள். மிருசுவிலில் 2000 டிசம்பரில் ஐந்து வயதுக் குழந்தை உட்பட எட்டுப் பேரைக் கழுத்தறுத்துக் கொன்ற வழக்கில் ஒரே ஒரு ராணுவ சார்ஜன்டுக்கு 2015இல் தண்டனை கிடைத்தது. கொரோனா ஊரடங்கில் உலகம் கதவைச் சாத்திக்கொண்டிருந்த 2020 மார்ச் 26 அன்று கோத்தபய ராஜபக்ச அவரை மன்னித்து வெளியே விட்டார். சாவதற்கு மட்டும்தான் அந்த எட்டுப் பேருக்கும் நல்ல நேரம் பார்க்கவில்லை.

நெடுங்குன்றம் முகாமுக்கு வருவோம். தேசியப் பாதுகாப்புப் படை என்கிற கறுப்புப் பூனைப் படை 1984இல் பயங்கரவாதத்தை எதிர்க்கப் பிறந்தது. வளர்ந்ததும் அரசியல்வாதிக்குப் பின்னால் நிற்க ஆரம்பித்தது. தமிழ்நாட்டில் ஒரு தலைவருக்கு எடை எவ்வளவு என்பதைக் கறுப்புச் சட்டைகளை எண்ணித்தான் ஒரு காலத்தில் தெரிந்துகொண்டோம். மேடையில் துப்பாக்கியோடு அவர்கள் நாலாபுறமும் முறைத்துப் பார்க்க, நடுவில் தலைவர் ஏழைகளுக்குத் தையல் மிஷின் கொடுப்பார். 2008 நவம்பர் 26 இரவு மும்பை எரிந்தபோது, மானேசரில் இருந்த கமாண்டோக்கள் அங்கே போய்ச் சேர மறுநாள் காலையாயிற்று. விமானம் சண்டிகரில் இருந்தது. தாஜ் ஓட்டலில் இருந்தவர்கள் அதுவரை காத்திருக்க வேண்டியிருந்தது. பெருந்தலைகளுக்குக் காவல் நிற்கிற வேலையிலிருந்து இந்தப் படையை முழுதாக விடுவிக்கலாம் என்று 2024 அக்டோபரில்தான் தில்லிக்கு மனசு வந்தது. இப்போது கறுப்புச் சட்டைக்குத் தனியார் சந்தை திறந்துவிட்டது. எங்கள் ஊர்க் கல்யாண மண்டபத்தில் வார்டு பிரமுகர் மகள் வரவேற்புக்கும் நாலு பேர் கறுப்பு சஃபாரியில் காதில் ஒயரோடு நிற்கிறார்கள். ஒயரின் மறுமுனை சட்டைப் பையில் முடிகிறது.

இதெல்லாம் காட்டிலும் கடலுக்கு அப்பாலும் நடக்கிற சங்கதி, நமக்கென்ன, கூடுவாஞ்சேரி வரை மெட்ரோ வருமா என்று பார்ப்போம் என்கிறவர்களுக்குக் கடைசியாக ஒன்று. அதிரடிப்படை காட்டிலிருந்து இறங்கி வெகு நாளாகிவிட்டது. போலீஸ் ஸ்டேஷனுக்குள் வந்து சின்னதாகி, 'தனிப்படை' என்று செல்லப் பெயர் வைத்துக்கொண்டது. தாலிச் சங்கிலி பறிபோனால் தனிப்படை, டூவீலர் காணோம் என்றால் தனிப்படை. நாமும் பேப்பரில் 'தனிப்படை அமைத்துத் தேடி வருகின்றனர்' என்று படித்ததும் காபியைத் திருப்தியாகக் குடிக்கிறோம். இந்தப் படைக்கு மஃப்டிதான் சீருடை. கையில் பைப். எழுத்தில் உத்தரவு இருந்தால் இருக்கும், இல்லாவிட்டால் இருக்காது. மாதேஸ்வரன் மலையில் ஒர்க்‌ஷாப்புக்காவது ஒரு கட்டடம் தேவைப்பட்டது.

2025 ஜூன் 27. சிவகங்கை மாவட்டம் திருப்புவனம் அருகே மடப்புரம் காளி கோயில். சாமி கும்பிட வந்தவர்கள் காரில் வைத்த நகையைக் காணோம் என்று புகார். கோயில் காவலாளியாக ஒப்பந்த வேலை பார்த்த இளைஞரைத் தனிப்படை கூட்டிக்கொண்டு போனது. வீரப்பன் அல்ல, பின்லேடன் அல்ல. காரைப் பார்க் பண்ணச் சாவி கொடுத்தார்கள், அவருக்கு ஓட்டத் தெரியாது, இன்னொருவரிடம் கொடுத்தார். அடுத்த நாள் பிணம். கோயிலுக்குப் பின்னால் அடிப்பதை யாரோ ஒளிந்திருந்து செல்போனில் எடுத்ததால் மட்டும்தான் நமக்கு அது தெரிந்தது. போலீஸார் ஐந்து பேர் கைதானார்கள். வழக்கு சி.பி.ஐ.க்குப் போனது. முதலமைச்சர் தாயிடம் போனில் மன்னிப்புக் கேட்டார். உரிய அனுமதியில்லாமல் இயங்குகிற தனிப்படைகளையெல்லாம் கலைக்கும்படி மாநிலக் காவல்துறைத் தலைவர் உத்தரவு போட்டார். அந்த உத்தரவை இன்னொரு முறை நிதானமாகப் படியுங்கள். அதுவரை அனுமதியில்லாமல்தான் இயங்கிக்கொண்டிருந்தன என்று அரசாங்கமே தன் கையெழுத்தில் சொல்கிறது. அனுமதியில்லாமல் ஒரு தள்ளுவண்டியைக் கோவிலம்பாக்கம் ரோட்டோரம் நிறுத்திப் பாருங்கள், என்ன நடக்கிறதென்று.

செத்தவரின் தம்பிக்கு ஆவினில் வேலை. குடும்பத்துக்கு மூன்று சென்ட் இலவச வீட்டுமனைப் பட்டா. மனை இருபது வருஷத்தில் கை மாறிவிட்டது பாருங்கள், 2004இல் படைக்குக் கொடுத்ததை இப்போது படை கொன்றவன் வீட்டுக்குக் கொடுக்கிறார்கள். வேலை ஊரிலிருந்து வெகு தூரம், மனை ஒரு வசதியும் இல்லாத இடத்தில் என்று குடும்பத்தார் குறை சொன்னதும் செய்தியாக வந்தது. மேடவாக்கம் ரோட்டு டீக்கடையில் அதைச் சத்தம் போட்டுப் படித்த பெரியவர், மூன்று சென்ட் என்றால் எவ்வளவு வரும் என்று விரல் விட்டார். ஆயிரத்து முந்நூறு சதுர அடி.

"அரை கிரவுண்டுக்கு மேலயே வருதேண்ணே" என்றார் பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தவர். "பரவால்லையே."